வைத்தியமும் தூரமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வைத்தியமும் தூரமும் என்பது. ஒரே தேசத்துக்குள்ளே, ஒரே அரசியல் சாசனத்தின் கீழே, ஆளுக்கொரு வாக்கு என்ற சமத்துவத்தோடு வாழ்கின்ற ஜனங்களில், ஒருவருக்கு ஆஸ்பத்திரி பத்து நிமிஷத்தில் கிட்டுகிறது. இன்னொருவருக்கு இரண்டு மணி நேரத்தில் கிட்டுகிறது. மூன்றாமவருக்குக் கிட்டாமலே போய்விடுகிறது. இது விதியின் செயலா? மலையும் ஆறும் செய்த காரியமா? அல்லது மனிதர்கள் நூறு, நூற்றைம்பது வருஷங்களாகச் செய்துவந்த ஏற்பாடுகளின் பலனா? மனிதர்களின் ஏற்பாடுதான் என்பது என் திடமான அபிப்பிராயம். மனிதர்கள் ஏற்படுத்தியதை மனிதர்கள் மாற்றலாம் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், உங்கள் மாலைப் பொழுதை நான் இப்படி எடுத்துக்கொள்ளத் துணிந்திருக்க மாட்டேன்.

உதாரணங்களைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நம் ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியிலும், அதை அடுத்த சமுசிகாபுரம் முதலிய ஊர்களிலும், விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நெய்யப்படுவது சேலையன்று, வேஷ்டியன்று. காயத்தின் மேல் சுற்றும் பேண்டேஜ் துணியும், புண்ணைத் துடைக்கும் காஸ் துணியுமே அங்கே நெய்யப்படுகின்றன. பருத்தி நூலைத் தறியில் ஏற்றி, நெய்து, வெளுத்து, வெட்டி, சுருட்டி, கட்டுக் கட்டாக வெளியூர்களுக்கும் கடல் கடந்த தேசங்களுக்கும் நம் மக்கள் அனுப்புகிறார்கள். நாம் பெயரே கேட்டறியாத எத்தனையோ ஊர்களில், அறுவைச் சிகிச்சை மேஜையின் மேல் கிடக்கும் யாரோ ஒரு நோயாளியின் ரத்தத்தை, இந்தப் பிரதேசத்துத் தொழிலாளியின் கை நெய்த துணி நிறுத்துகிறது. அந்தத் தொழிலாளியின் கை ஒருநாள் நள்ளிரவில் இயந்திரத்தில் சிக்கிக்கொண்டால் அவர் எங்கே போவார்? விரலை ஒட்டவைக்கும் நிபுணர் அவருக்கு எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார்? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன்னே வைக்கிறேன்.

நம் பக்கத்து ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. “மதுரைக்குக் கொண்டு போயிடுங்க” என்பதே அது. நெஞ்சுவலியா, மதுரைக்கு. தலையில் அடியா, மதுரைக்கு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறலா, மதுரைக்கு. இந்த வழக்கம் ஆஸ்பத்திரியோடு பிறந்ததன்று. 1910ஆம் ஆண்டில் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கிய ஆங்கில அரசாங்கம், அதன் கலெக்டர் கச்சேரியை அந்த ஜில்லாவுக்கு உள்ளே எங்கும் வைக்காமல், வெளியே மதுரையில் வைத்தது. ஆகவே, 1985ஆம் ஆண்டில் விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு நமக்கென்று ஒரு மாவட்டம் அமைகின்ற காலம் வரையில், நம் பெரியவர்கள் தங்கள் சொந்த ஜில்லாவின் கலெக்டரைப் பார்ப்பதற்கே அயல் ஜில்லாவுக்குப் பயணம் போனார்கள். பட்டாவுக்கு மதுரை, மனுவுக்கு மதுரை என்று பழகிய ஜனங்களிடம் உயிருக்கும் மதுரை என்றபோது, அதை அநீதி என்று எண்ணவே யாருக்கும் தோன்றவில்லை.

மதுரைக்குத்தான் இந்த வைத்திய வசதி எளிதாகக் கிடைத்ததா? சென்னையில் மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் 1835ஆம் ஆண்டு. இன்றைய தமிழ்நாட்டில், சென்னையைத் தாண்டி முதல் அரசினர் மருத்துவக் கல்லூரி மதுரையில் ஏற்பட்டது 1954ஆம் ஆண்டு. இடையில் 119 வருஷங்கள்! விருதுநகரில் பிறந்த காமராஜர் முதலமைச்சர் பொறுப்பை ஏற்ற வருஷமும் அதுவே. திருநெல்வேலிக்குக் கல்லூரி வர 1965 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தேதிகளை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல்லூரி எங்கே இருக்கிறதோ அங்கே நிபுணர் இருக்கிறார். நிபுணர் எங்கே இருக்கிறாரோ அங்கே கருவி வருகிறது. கருவி எங்கே வருகிறதோ அங்கே தனியார் ஆஸ்பத்திரிகள் எழுகின்றன. அவை எழுந்த இடத்தில் மேலும் நிபுணர்கள் குடியேறுகிறார்கள். இவ்விதமாக ஒரு நகரம் பெற்ற முதல் வாய்ப்பு வட்டிக்கு வட்டி போட்டு வளர, அந்த வாய்ப்பைப் பெறாத ஊர் தலைமுறை தலைமுறையாகப் பின்தங்குகிறது.

தூரம் என்றால் என்ன? வரைபடத்தில் அளந்து பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ராஜபாளையத்திலிருந்து இன்னும் 12 கிலோமீட்டர் கூட. சௌக்கியமாக இருப்பவனுக்கு அது ஒன்றரை, இரண்டு மணி நேரப் பிரயாணம். நோயாளிக்கு அது என்ன?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சேத்தூருக்கு அப்பால் தேவதானத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில், இரவு ஒரு மணிக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. குழந்தை அழுகிறது; பாட்டி கும்பிடுகிறாள்; எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று செவிலியர் கை கழுவப் போகையில், தாய்க்கு உதிரப்போக்கு தொடங்குகிறது. பிரசவத்துக்குப் பின் உண்டாகும் பெரிய உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே உயிரைப் பறித்துவிடக் கூடியது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். செவிலியர் செய்யவேண்டியதையெல்லாம் செய்கிறார், கருப்பை சுருங்குவதற்கான ஊசி போடுகிறார், குளுக்கோஸ் ஏற்றுகிறார், 108 வண்டியை வரவழைக்கிறார். வண்டி ராஜபாளையத்தை அடையும்போது மணி இரண்டு.

அன்பர்களே, அந்த இரண்டு மணிக்கு அங்கே யார் இருக்கிறார்? இந்த ஒரு கேள்வியில்தான் அந்தத் தாயின் ஆயுள் தொங்கிக்கொண்டிருக்கிறது. மகப்பேறு நிபுணர் இருக்கிறாரா? அவர் இருந்தாலும் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இருக்கிறாரா? இருவரும் இருந்தாலும் அவளுடைய வகை ரத்தம் இருக்கிறதா? மூன்றும் இருந்தால் விடிவதற்குள் அவள் கண் விழித்துக் குழந்தைக்குப் பால் கொடுப்பாள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அதே வாக்கியம்தான், “மதுரைக்குக் கொண்டு போயிடுங்க.” வண்டி மீண்டும் புறப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், அழகாபுரி, டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று நாம் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சந்தோஷமாகக் கடந்துபோகும் ஊர்கள் ஒவ்வொன்றும், வண்டிக்குள் இருக்கும் தாய்க்கு ஒரு யுகமாகக் கழிகிறது.

பிழைத்து மதுரை போய்ச் சேர்ந்தாலும் தூரத்தின் கணக்கு அதோடு தீர்வதில்லை. பெரியாஸ்பத்திரியில் நோயாளிக்குக் கட்டில் உண்டு, மருந்து உண்டு, சிகிச்சை இலவசம். கூட வந்தவர்களுக்கு என்ன உண்டு? மில்லில் ஷிப்டு வேலை செய்யும் புருஷன் ஒவ்வொரு நாளும் கூலியை இழக்கிறான். வீட்டில் விட்டுவந்த மூத்த குழந்தையை அண்டை வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து ஒருவர் சோறு கொண்டுவந்தால் பஸ் கட்டணம். கொண்டுவராவிட்டால் கடைச் சாப்பாடு. இரவில் மரத்தடியில் துண்டை விரித்துப் படுக்கை. நகையை அடகு வைத்தது வைத்தியத்துக்காகவா, வைத்தியம் நடக்கும் ஊரில் காத்துக் கிடந்ததற்காகவா என்று கேட்டால் பல குடும்பங்களால் பதில் சொல்ல இயலாது. 2009ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதனால் பிழைத்த ஏழைகள் ஏராளம். அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியின் பில்லைக் கட்டுகிறதேயன்றி, போன வழியையும் போன கூலியையும் திருப்பித் தருவதில்லை.

“தமிழ்நாடுதான் வைத்திய வசதியில் முன்னணியில் நிற்கிறதே, இன்னும் என்ன குறை?” என்று சிலர் கேட்கலாம். முன்னணியில் நிற்பது சத்தியம். 2018 முதல் 2020 வரையிலான கணக்குப்படி, உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு, உயிரிழந்த தாய்மார்கள் இந்தியா முழுவதற்கும் சராசரி 97 பேர், அஸ்ஸாமில் 195, தமிழ்நாட்டில் 54. இங்கே ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கின்றன. அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்த்தால் நாம் எவ்வளவோ பாக்கியசாலிகள். அதே கணக்கில் கேரளத்தின் எண் என்ன தெரியுமா? 19. நம் ஊருக்கு மேற்கே நிற்கிற இந்த மலைத்தொடரின் அந்தப்புறம் கேரளம். மலைக்கு இப்புறமும் அப்புறமும் உயிரின் விலை இவ்வளவு மாறுபடுவானேன்?

சராசரி என்பது ஒரு பெரிய திரை. அந்தத் திரைக்குப் பின்னே சென்னையும் இருக்கிறது, நம் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பும் இருக்கிறது. 2018ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம், பின்தங்கிய மாவட்டங்களைப் பொறுக்கியெடுத்து முன்னேற்றும் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து இரண்டே மாவட்டங்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. ஒன்று ராமநாதபுரம், மற்றொன்று நம் விருதுநகர். பழைய ஒரே ஜில்லாவிலிருந்து பிரிந்த இரண்டு துண்டுகள்! பஞ்சாலையும் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் கொழிக்கும் மாவட்டம், ராஜபாளையம் மில் 1936ஆம் ஆண்டிலேயே தோன்றிய மாவட்டம், அந்தப் பட்டியலில் ஏன் இடம்பெற்றது? செல்வம் உண்டாக்கும் ஊர்கள் வேறு, அந்தச் செல்வம் ஆஸ்பத்திரியாகவும் பள்ளிக்கூடமாகவும் உருவெடுக்கும் ஊர்கள் வேறு என்ற ஏற்பாடு நெடுங்காலமாக நடந்துவருவதே காரணம் என்று நான் கருதுகிறேன்.

நம் முன்னோர் இந்த விஷயத்தை அறியாதவர்கள் அல்லர். அசோகச் சக்கரவர்த்தி தம் இரண்டாவது பாறைச் சாசனத்தில், மனிதருக்கும் கால்நடைக்கும் இருவகை வைத்தியத்தைத் தம் ஆட்சிக்குள் மட்டுமின்றி, எல்லைக்கு வெளியே சோழர், பாண்டியர் நாடுகளிலும் ஏற்பாடு செய்ததாகப் பொறித்திருக்கிறார். தலைநகரத்தோடு வைத்தியம் நின்றுவிடலாகாது என்ற எண்ணம் அங்கே பிரத்தியட்சமாகத் தெரிகிறது. பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் என்ற சிற்றூரில், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்று நடந்தது. அதற்கு ஒரு வைத்தியர். சல்லியக்கிரியை என்னும் அறுவை செய்ய ஒருவர். மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப் பெண்கள். இரவில் விளக்கெரிய எண்ணெய். இவ்வளவுக்கும் நிவந்தம் ஏற்படுத்திக் கோயில் சுவரில் வெட்டிவைத்தார்கள். அது ஊர் ஜனங்கள் எல்லோருக்குமான ஆஸ்பத்திரி அன்று. கோயிலையும் அதன் வேதபாடசாலையையும் சார்ந்தவர்களுக்கே உரியது. அந்தக் குறையை மறைக்காமல் சொல்லிவிட்டே, அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். கட்டடம் எழுப்பியதோடு அவர்கள் நிற்கவில்லை. யார் இருக்க வேண்டும், என்ன கூலி, இரவுக்கு என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் கல்லிலே எழுதினார்கள்.

சுதந்திரத்துக்குச் சற்று முன்பு, 1946ஆம் ஆண்டில், சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி தன் அறிக்கையைத் தந்தது. பணம் கொடுக்க முடியவில்லை என்ற காரணத்தால் எந்தப் பிரஜைக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்பது அதன் அடிப்படை. முதற்கட்டமாக 40,000 ஜனங்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதில் இரண்டு டாக்டர்கள் என்று அது வகுத்தது. உன்னதமான அறிக்கை. அதே அறிக்கை இன்னொரு காரியமும் செய்தது. எல்.எம்.பி. என்ற குறுகிய காலப் படிப்பை நிறுத்திவிட்டு, இனி ஒரே தரத்து டாக்டரே போதும் என்றது. கமிட்டிக்குள்ளேயே சிலர் அதற்கு மறுப்பு எழுதினார்கள். சிற்றூர்களில் குதிரை வண்டியிலும் சைக்கிளிலும் போய் வைத்தியம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இந்த எல்.எம்.பி. டாக்டர்களே. தரம் உயர வேண்டும் என்று எண்ணியது நியாயம்தான். உயர்ந்த தரத்து டாக்டர் சிற்றூருக்கு வருவாரா என்பதற்குப் போதிய ஏற்பாடு செய்யாமல் விட்டதுதான் பிழை. 2001ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, தேச ஜனங்களில் நகரங்களில் வாழ்ந்தவர் நூற்றுக்கு 28 பேர். வைத்தியத் தொழிலைச் சேர்ந்தவர்களில் நகரங்களில் இருந்தவரோ நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேர்.

இது நம் தேசத்துக்கு மட்டும் உரிய வியாதியா? அன்று. இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டில், ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் நெடுங்காலம் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர், 1971ஆம் ஆண்டில் ‘லான்செட்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். எங்கே நோய் அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைவாகவும், எங்கே நோய் குறைவோ அங்கே வைத்தியம் நிறைவாகவும் இருக்கிறது என்றும், வைத்தியத்தைச் சந்தையின் போக்குக்கு விடுந்தோறும் இந்தத் தலைகீழ் நிலை முற்றுகிறது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று 1948லேயே சட்டம் நடைமுறைக்கு வந்த தேசத்தில் இருந்துகொண்டு அவர் இதைச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

அவருடைய கிராமத்தில் சுரங்கம் இருந்தது. நம் மாவட்டத்தில் வெடிமருந்து இருக்கிறது. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு விபத்தில் சுமார் 40 பேர் மாண்டார்கள். தீப்புண் என்பது முதல் சில மணி நேரங்களில் உடம்பின் நீரையெல்லாம் இழக்கச் செய்யும் கொடிய காயம். தேசத்துக்கெல்லாம் தீபாவளி செய்து அனுப்பும் மாவட்டத்தில் தீப்புண் வைத்தியம் தேசத்திலேயே முதல்தரமாக இருக்க வேண்டாமா? வைத்தியம் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்டால், அதற்கும் ஒரு துயரமான பதில் நம் மாவட்டத்திலேயே உண்டு. 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது வெளிப்பட்டது. அந்த ரத்தம் சிவகாசி அரசு ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியிலிருந்து வந்தது. சிறிய ஊர் என்பதற்காகச் சிறிய ஜாக்கிரதை போதும் என்று யாராவது நினைப்பார்களானால், அவர்களுக்கு அந்தப் பெண்ணின் கதி தெரிய வேண்டும்.

டாக்டர்கள் சிற்றூரில் ஏன் தங்குவதில்லை? அவர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் அதைச் செய்ய மாட்டேன். இருபத்தேழு வயதில், ஒழுகும் குவார்ட்டர்ஸில், தனியொருவராக, புறநோயாளிகளையும் பிரேத பரிசோதனையையும் போலீஸ் கேஸையும் இரவு ட்யூட்டியையும் சுமந்துகொண்டு, சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஒரு மூத்தவர்கூட இல்லாமல், நோயாளி இறந்தால் உறவினர் கை ஓங்குவார்களோ என்ற பயத்தோடு வேலை செய்யும் ஒருவரிடம், “தியாகம் செய்” என்று மேடையிலிருந்து சொல்வதற்கு எனக்கு உரிமை இல்லை. ஒற்றை டாக்டரை அனுப்பினால் அவர் ஓடிப்போவார். நாலு பேரைச் சேர்த்து அனுப்பினால் நிலைப்பார்கள். தமிழ்நாட்டின் அனுபவம் இதற்கு ஒரு வழியும் காட்டுகிறது. அரசு சேவையில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் மாநிலத்தின் இடங்களில் பாதியை ஒதுக்கும் ஏற்பாட்டால் எத்தனையோ இளைஞர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். அகில இந்திய விதிகளால் அந்த ஏற்பாட்டுக்கு ஆபத்து வந்தபோது, அத்தகைய ஒதுக்கீட்டைச் செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு டில்லியில் வாசிக்கப்பட்டாலும், அதன் பலன் நம் வத்திராயிருப்புக்கும் சேத்தூருக்கும் உரியது.

நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. 2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் 150 இடங்களோடு விருதுநகரும் ஒன்று. அதற்காக உழைத்த எல்லோரையும் வணங்குகிறேன். ஆனால் விருதுநகர் ராஜபாளையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ஜில்லாக் கோர்ட்டுக்கு எல்லோரும் ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறார்களே என்று சிலர் சொல்லலாம். வழக்குக்கு வாய்தா வாங்கலாம். உதிரப்போக்குக்கு வாய்தா கிடையாது. கல்லூரியின் பேராசிரியர்களும் மேற்படிப்பு மாணவர்களும் முறைவைத்து ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இரவு தங்கிப் பணிசெய்யும் ஏற்பாடு வருமானால், கல்லூரி ஒரு நகரத்தின் சொத்தாக இல்லாமல் மாவட்டத்தின் சொத்தாகும். அடிவாரத்தில் செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோவில் பக்கத்திலும் வாழும் பளியர் குடும்பங்களுக்கு அந்த இரண்டு ஆஸ்பத்திரிகளே நடந்து வந்து சேரக்கூடிய எல்லை. அதற்கப்பால் மதுரை அவர்களுக்கு வேறு தேசம்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? பெரிய கட்டடம் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட ஆட்களுக்குப் பஞ்சமில்லை. இரவுக்குக் கேளுங்கள். இன்றிரவு மகப்பேறு நிபுணர் யார், மயக்க மருந்து டாக்டர் யார், எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது, பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி இருக்கிறது என்று ஆஸ்பத்திரி வாசலில் நாள்தோறும் பலகையில் எழுதிவைக்கக் கேளுங்கள். மாதந்தோறும் எத்தனை பேர் மதுரைக்கு அனுப்பப்பட்டார்கள், எந்தக் குறையால் அனுப்பப்பட்டார்கள், அவர்களில் பிழைத்தவர் எத்தனை பேர் என்ற கணக்கைக் கேளுங்கள். அந்தக் கணக்கு எங்கே குறை என்பதை எந்த அதிகாரியின் அறிக்கையைக் காட்டிலும் தெளிவாகச் சொல்லும். அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று உண்டு. தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த குமாரசாமி ராஜா பிறந்த இந்த ஊரில், அந்தச் சங்கத்துக்கு வந்து உட்காரவும், டாக்டர்களின் குவார்ட்டர்ஸைச் செப்பனிடப் பணம் சேர்க்கவும், இரவு வரும் இளம் டாக்டருக்குத் துணையாக நிற்கவும் மில் முதலாளிகளும் தறிக்காரர்களும் ஆசிரியர்களும் வக்கீல்களும் முன்வர வேண்டும். இங்கே கூடியிருப்பவர்களில் யார் யாருக்கு அந்தச் சங்கத்தின் அடுத்த கூட்டம் எப்போது என்று தெரியும்? தெரியாதவர்கள் நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி கேட்டுக்கொண்டு என் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.